அண்ணனுக்கு ஆகாத மருந்து

என் அண்ணனுக்குப் பெனிசிலின் ஆகாது. எங்கள் குலதெய்வம் எது என்பதைப் போல இதுவும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பல் பிடுங்கப் போனால் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுவான். மருந்துக்கடையில் தலைவலித் தைலம் கேட்டாலும் சொல்வான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இதுல அதெல்லாம் இல்லீங்க" என்பார். "இல்லாட்டியும் சொல்லி வெக்கோணுமுங்க" என்பான் அண்ணன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் அவன் இதை விளக்கிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் பாவம், ரசம் கேட்கத் திரும்பினவர்.

சொல்லச் சொல்லக் கதையும் வளர்ந்தது. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்தில், சின்ன வயதில் ஊசி போட்டதும் அவனுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். நான் கல்லூரிக்குப் போனபோது முகமும் வீங்கியிருந்தது. எனக்குக் கல்யாணமாகிக் கோயமுத்தூருக்கு வந்தபோது மூச்சே நின்று, பிழைத்தது மறுபிறப்பு என்று ஆகியிருந்தது. கூட்டிச் சொன்னது யார் என்று கேட்டால் யாருமில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள், அவ்வளவுதான்.

இதை எழுதும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் மரக்க வைத்த ஈறை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கிறது. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் அது என்னுடையதுதானா என்று தெரியவில்லை.

தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே எங்கள் ஊர். அண்ணன் சின்னப் பையனாக இருந்தபோது தொண்டைவலி வந்தது. தொண்டைவலிக்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? அது போய்க் கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கியது, காய்ச்சல் அடித்தது, பிறகு மூச்சு வாங்கியது. ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். தொண்டையில் இறங்கின கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பு, ஆள் தெரியாமல் தன் மூட்டையும் இருதயத்தையும் சேர்த்து அடித்துவிடும். மூட்டு சரியாகிவிடும். இருதய வால்வு சரியாகாது. தொண்டைவலி திரும்பத் திரும்ப வந்தால் அடியும் திரும்பத் திரும்ப விழும். அதனால் தொண்டையில் அந்தக் கிருமியே வராமல் காக்க, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி. பெரிய ஆளாகும் வரை போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பா அவனைப் பஸ்ஸில் தாராபுரத்துக்கு அழைத்துப் போவார். வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் அந்த மருந்து இடுப்பில் இறங்கினால் ரெண்டு நாளைக்கு நடை கோணல்தான். எனக்குப் பொரி உருண்டை வாங்கி வருவான். அது மட்டும்தான் எனக்கு நேராக ஞாபகம் இருப்பது.

பிறகு ஊசி நின்றது. ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பதிலுக்கு ஏதோ மாத்திரை கொடுத்தார்கள். ஊசியைத் தவறவிட்டால் டாக்டர் திட்டுவார். மாத்திரையைத் தவறவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அதுவும் நின்றது. காய்ச்சல் அவ்வப்போது வந்து போனது. படிப்பு பாதியில் நின்றது. பெண் பார்க்கப் போன வீடுகளில் இருதயத்தில் கோளாறு என்று தெரிந்ததும் காபியோடு முடித்துக்கொண்டார்கள். அண்ணன் சோமனூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் விசைத்தறி போட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கேயே இருந்தான். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நான் கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் சட்டை அவன் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. பொழுதோடு காய்ச்சல் வருகிறது, காலையில் விட்டுவிடுகிறது என்றான். எத்தனை நாளாக என்றால், "அது ஆச்சு அம்மணி" என்றான். டிவி மேல் பாதி கிழித்த மாத்திரை அட்டைகள் மூன்று நான்கு கிடந்தன. மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்குவான். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைப்பான். நான் கத்தினேன். என் குணம் அப்படி. எனக்குப் பயம் வந்தால் அது சத்தமாகத்தான் வெளியே வரும். அம்மா, "பொறவு கத்திக்கலாம், முதல்ல சோறு உண்ணு" என்றாள்.

மறுநாளே கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்க்கும்போதே அண்ணன் தன் பாட்டைப் பாடிவிட்டான். பெனிசிலின் ஆகாது, மூச்சு நின்றுவிடும். ஃபைல் அட்டையில் சிவப்பாக எழுதி, கையில் சிவப்புப் பட்டை கட்டினார்கள். அவனுக்கு அதில் ஒரு திருப்தி.

ரத்தம் எடுத்து அதில் கிருமி வளர்கிறதா என்று பார்த்தார்கள். அரைகுறையாகத் தின்ற மாத்திரைகளால் கிருமி முதலில் சிக்கவில்லை. பிறகு சிக்கியது. ஏற்கெனவே பழுதான வால்வின் மேல் கிருமி கூடு கட்டியிருந்தது. தொற்றுநோய்க்கு என்று தனியாக ஒரு பெண் டாக்டர் வந்தார். கொடுமுடிக்காரர். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் பேச்சில் ஒரு நிதானம் இருந்தது. பெனிசிலின் ஆகாது என்பதால் வான்கோமைசினும் கூட இன்னொரு மருந்தும் ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் காய்ச்சல் குறைந்தது, ஆனால் விடவில்லை. கிட்னி பரிசோதனையில் எண் ஏற ஆரம்பித்தது.

டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். "இந்தக் கிருமிக்கு நல்ல மருந்து ஆம்பிசிலின்ங்க. அது பெனிசிலின் குடும்பம். அதுக்குப் பங்காளி மருந்துக நெறைய இருக்கு. ஆனா அதுகள மட்டும் போட்டா இந்தக் கிருமி அசையாது. இப்ப போட்டுட்டிருக்கறது கிட்னிய அடிக்குது. இப்படியே வாரக்கணக்குல ஓட்ட முடியாது."

"அதான் ஆகாதுங்களே" என்றேன்.

"யாரு சொன்னாங்க?"

"எல்லாருமே சொல்வாங்க."

"சொல்றவங்க இருக்கட்டுங்க. கண்ணுல பாத்தவங்க யாரு?"

எனக்குச் சட்டென்று எரிச்சல் வந்தது. அவன் உயிரோடு விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். அம்மாதான் பார்த்தவள் என்று சொன்னேன். வரச் சொல்லுங்கள் என்றார்.

அம்மா மறுநாள் காலையில் வந்தாள். டாக்டர் அவளை உட்காரவைத்து, தானும் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். அம்மா வழக்கமான வரியைச் சொன்னாள். "ஊசி போட்டாங்க. ஒத்துக்கலீங்க."

"ஊசி போட்ட உடனேவா, ரெண்டு மூணு நாள் கழிச்சா?"

"கழிச்சுத்தானுங்."

"மூச்சு நின்னுச்சுங்களா?"

அம்மா யோசித்தாள். "மூச்சு நிக்கலீங்க. அது இவங்க அத்தை சொல்றது."

"முகம் வீங்குச்சா?"

"கொஞ்சம் உப்புனாப்புல இருந்துச்சுங்க. கண்ணு செவந்துருந்துச்சு."

"தடிப்பு வாரதுக்கு முன்னாடியே காய்ச்சல் இருந்துச்சா அம்மா? சளி, இருமல் ஏதாச்சும்?"

"இருந்துச்சுங்க. மூஞ்சியில ஆரம்பிச்சு மேலெல்லாம் எறங்குச்சு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அது எந்த மாசமுங்க?"

"ஊருல மாரியாத்தாளுக்கு நோம்பி சாட்டியிருந்தாங்க" என்றாள் அம்மா. சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார். "தலைக்குத் தண்ணி ஊத்துனீங்களா அம்மா?"

இதை நம் பக்கத்து ஆள்தான் கேட்க முடியும். வேறு ஊர்க்காரராக இருந்தால், அம்மை வந்ததா என்று நேராகக் கேட்டிருப்பார். அம்மா இல்லை என்று சொல்லியிருப்பாள். எங்கள் பக்கம் அது வியாதி இல்லை. ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவ்வளவுதான். நிலையில் வேப்பந்தழை செருகுவார்கள். தாளிப்பு கிடையாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. மருந்து என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, எடுத்தால் விரட்டுவதாக ஆகிவிடும். ஆத்தா இறங்கினதும் வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றி வழியனுப்புவார்கள். திருவிழாவுக்கு நாள் குறித்து நோம்பி சாட்டியிருக்கிற சமயத்தில் வந்திருந்தால் கேட்கவே வேண்டாம். மாத்திரையும் ஊசியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு டாக்டரிடம் போய் அவள் பேரைச் சொல்கிற துணிச்சல் எந்தத் தாய்க்கும் வராது.

"ஊத்துனோமுங்க" என்றாள் அம்மா. "ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் ஊத்துனோம்."

"ரெண்டு பேருக்குமா?"

"இவளுக்கும்" என்று என்னைக் காட்டினாள். "இவளுக்கு மொத நாளு கண்டுச்சு, அவனுக்கு மறுநாளு."

எனக்கு எந்த ஊசியும் போட்டதில்லை, ஆனாலும் அதே தடிப்பு எனக்கும் வந்திருக்கிறது. நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், டாக்டர் கையால் வேண்டாம் என்று காட்டினார். அவருக்கு அதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அவள் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றி முடித்து, நோம்பியும் முடிந்து, தாமதமாக ஊசிக்குப் போனபோது தாராபுரத்து டாக்டர் உடம்பில் தடிப்பின் மங்கின தடத்தைப் பார்த்தாராம். போன ஊசி போட்டதற்கு அப்புறமா வந்தது என்று கேட்டாராம். அம்மா ஆமாங்க என்றாளாம். அவர் உடனே ஊசியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாராம். அவ்வளவுதான் நடந்தது. அம்மா பொய் சொல்லவில்லை. ஊசிக்கு அப்புறம்தான் வந்தது. அந்த டாக்டர் கேட்டதும் தப்பான கேள்வி இல்லை. இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

நான் அப்போது அம்மா மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். சாம்பாரில் உப்புக் குறைந்தால் கோபப்படுகிறவள் நான். ஆனால் வரவில்லை. வராந்தாவில் யாரோ டிபன் கேரியரை மூடுகிற சத்தம் கேட்டது. அதைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் அம்மாவிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் பிறகு சொன்னார். குழந்தையில் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்து, அந்த நேரத்தில் ஏதாவது மருந்தும் உள்ளே போயிருந்தால், பழி மருந்து மேல் விழுவது வழக்கம்தானாம். அப்படிப் பேர் வாங்கினவர்களில் பெரும்பாலோரைச் சோதித்தால் ஒன்றுமே இருக்காதாம். உண்மையிலேயே அலர்ஜி இருந்தவர்களுக்கும் வருஷங்கள் போகப் போக அது மங்கிவிடுவது உண்டாம். "அதுக்காக இல்லைன்னு நெனச்சுட்டு நேரா ஏத்த முடியாதுங்க. நெசமாவே இருந்தா சில நிமிசத்துல மூச்சு அடைக்கும், பிரசர் எறங்கும். சோதிச்சுட்டுத்தான் போடோணும். அதுவும் இங்க, எல்லாம் கையில வெச்சுக்கிட்டு."

மறுநாள் சோதனை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன், மானிட்டர், ஒரு தட்டில் அட்ரீனலின் ஊசி. விபரீதம் ஆனால் தொடையில் முதலில் போட வேண்டியது அதுதான் என்று நர்சிடம் டாக்டர் இன்னொரு முறை சொன்னார். அது நர்சுக்குத் தெரியாமல் இல்லை, எங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். அண்ணனின் முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்துகள் வைத்து மெல்லக் குத்தினார்கள். ஒன்று வெறும் உப்புத் தண்ணீர், அது தடிக்கக் கூடாது. இன்னொன்று எல்லோருக்கும் தடிக்கிற மருந்து, அது தடித்தே ஆக வேண்டும். நடுவில் பெனிசிலினும் ஆம்பிசிலினும். தடிக்க வேண்டியது கொசுக் கடித்ததுபோல எழும்பியது. மற்ற இடங்கள் சும்மா இருந்தன. பிறகு தோலுக்குள் கொஞ்சம் வைத்தார்கள். சும்மா இருந்தது. பிறகு நரம்பில் துளியளவு, காத்திருந்து இன்னும் கொஞ்சம், காத்திருந்து முழுசாக.

ஒன்றும் நடக்கவில்லை.

அண்ணன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணையும் காணோமே அம்மணி" என்றான். எதையோ தொலைத்தவன் குரல். "ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே." நான் சிரித்தேன். சிரிப்பு வந்ததால் இல்லை, அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால். நர்ஸ் அவன் கையில் இருந்த சிவப்புப் பட்டையைக் கத்தரித்து எடுத்தார்.

அன்றிலிருந்து நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆம்பிசிலின். கூடவே பங்காளி மருந்து ஒன்று. தனியாகப் போனால் பிரயோஜனம் இல்லாத அந்தப் பங்காளி, சேர்ந்து போனால் இதற்குக் கை கொடுக்குமாம். அண்ணனுக்கு எந்த எந்திரமும் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். டாக்டரிடம் கேட்டான். சோமனூர் தறிக்காரர் என்று தெரிந்ததும் டாக்டர் அவன் பாஷையிலேயே சொன்னார்.

"கிருமியச் சுத்தி ஒரு துணி இருக்குதுன்னு வெச்சுக்கங்க. வளர வளர அது நெய்ஞ்சுக்கிட்டே இருக்கோணும். நூலு நீளமா போகும், குறுக்க கோத்து இறுக்கறதுக்கு ஒரு கை இருக்கு. இந்த மருந்து போயி அந்தக் கையப் புடிச்சுக்கும், விடாது."

"பாவு ஓடுது, குறுக்க ஊடை விழல" என்றான் அண்ணன்.

"அதேதானுங்க. துணி இளைச்சுப் போகும். உள்ள இருக்கற அழுத்தம் தாங்காம கிருமி வெடிச்சுரும்."

"நம்ம ஒடம்பு வெடிக்காதுங்களா?"

"நம்ம செல்லுக்கு அந்தத் துணியே கெடையாதுங்களே. அதனாலதான் இத்தன அளவு ஏத்தியும் ஒண்ணும் ஆகல. சளி புடிக்கற வைரசுக்கும் அந்தத் துணி கெடையாது. அதுக்கு இதக் குடுத்து ஒரு பிரயோசனமும் இல்ல."

அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "கிருமி தறிய நிறுத்திப்போட்டா? நெய்யாம சும்மா கெடந்தா?"

டாக்டர் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். "அப்ப மருந்துக்கு வேலை இல்லீங்க. வால்வு மேல கூட்டுக்குள்ள அப்படிக் கெடக்கறது நெறைய இருக்கும். அது எப்ப எந்திரிச்சு நெய்ய ஆரம்பிக்குதோ அப்ப மருந்து அங்க இருக்கோணும். அதுக்குத்தான் நேரம் தவறாம, வாரக்கணக்குல. காய்ச்சல் விட்டுருச்சுன்னு நிறுத்துனா தூங்கறது எந்திரிச்சுக்கும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். டிவி மேல் கிடந்த அட்டைகள் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. "திட்டோணும்னா திட்டிக்க" என்றான். நான் திட்டவில்லை.

காய்ச்சல் முழுசாக விட்டது. கிட்னி எண் இறங்க ஆரம்பித்தது. ரத்தத்தில் கிருமி வளரவில்லை என்று முதல் ரிசல்ட் வந்தது. அண்ணன் இட்லிக்குச் சட்னி காரம் போதவில்லை என்று குறை சொன்னான். வீடு திரும்பினால் தறிக்கு எந்த நூல் வாங்குவது என்று பேசினான். ஆனால் இருதயத்தை ஸ்கேன் பண்ணினபோது வால்வு கிழிந்திருந்தது. ஏற்கெனவே கெட்டிப்பட்டுச் சுருங்கினது, கிருமி வேறு அரித்துவிட்டது. கிட்னி இன்னும் கொஞ்சம் தேறினால் ஆபரேஷன் செய்து வால்வை மாற்றிவிடலாம் என்றார்கள். அதுவரை தாங்க வேண்டும்.

இதை டாக்டர் சொன்னபோது அம்மாவும் இருந்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நாங்கள் அவளுக்கு எதையும் எடுத்துச் சொல்லவில்லை. ஆனால் அம்மா முட்டாள் இல்லை. அந்த நாள்களில் அவளாகவே ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்த்திருக்கிறாள்.

"ஏனுங், அந்த ஊசிய அன்னிக்கு நிறுத்தாம இருந்திருந்தா இது கெட்டிருக்காதுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பதில் சொல்லிவிட்டான். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அது மொதக் காய்ச்சல்லயே கெட்டுப்போனது. ஊசி போட்டிருந்தாலும் இதேதான். நானு கேட்டுட்டேன்." அவன் யாரையும் கேட்டிருக்கவில்லை. அம்மா, "அப்படியா சாமி" என்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, காபி வாங்கி வருகிறேன் என்று ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போனதும் அண்ணன் டாக்டரிடம் திரும்பினான். "இப்பச் சொல்லுங்க. நெசம் என்ன?"

டாக்டர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "உறுதியா யாராலயும் சொல்ல முடியாதுங்க. மொதக் காய்ச்சல்ல கொஞ்சம் அடி வாங்கியிருக்கும். ஆனா நீங்க சொல்றதப் பாத்தா, ஊசி நின்னதுக்கு அப்புறம் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் வால்வு இன்னும் கெட்டிருக்கும். விடாமப் போட்டிருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதுன்னுதான் நான் நெனைக்கறேன்."

"செரிங்க" என்றான் அண்ணன். ஜன்னல் பக்கம் பார்த்தான். அந்த ஒரு சொல்லில் அவன் படிப்பு, நடக்காத கல்யாணம், மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று நின்று மூச்சு வாங்கின இத்தனை வருஷம் எல்லாம் இருந்திருக்க வேண்டும். அவன் முகத்தில் எதையும் காணவில்லை. "இத எங்கம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றான். பிறகு என்னிடம், "உனக்கும்தான் அம்மணி. உனக்கு வாயி நிக்காது."

நான் சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன்.

ஆபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலை நான் ஆபீசுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தபோது அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பேச்சு வரவில்லை, என் கையை மட்டும் பிடித்தான். கை சில்லென்று இருந்தது. வால்வு இன்னும் கிழிந்து, ரத்தம் பின்னால் திரும்பி, நுரையீரலில் நீர் ஏறிவிட்டது என்றார்கள். தீவிர சிகிச்சைக்கு எடுத்துப் போனார்கள். உடனே ஆபரேஷன் பண்ணலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகியிருக்கவில்லை. கடைசியாக எடுத்த ரத்தத்தின் ரிசல்ட் அன்றுதான் வந்தது. அதிலும் கிருமி இல்லை. மருந்து தன் வேலையை முடித்திருந்தது.

அம்மாவுக்கு நான்தான் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஆபீசுக்கும் நானே போன் செய்து இன்றைக்கு வர முடியாது என்று சொன்னேனாம், எந்த ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெளிவாகச் சொன்னேனாம். கூட வேலை செய்கிற பெண் பிறகு சொன்னாள்.

சோமனூர் வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். இருதயம் சரியில்லாதவன், இத்தனை நாள் இருந்ததே பெரிசு என்றார்கள். மருந்து மாற்றிப் போட்டதால்தான் போய்விட்டான், அவனுக்குத்தான் அது ஆகாதே என்று அத்தை கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா உள் அறையில் இருந்தாள். அவள் அழவில்லை, யாரோடும் பேசவில்லை, எதையும் உண்ணவில்லை. டீயை மட்டும் எப்போதாவது வாங்கிக் குடித்தாள். வருகிற பெண்கள் ஒவ்வொருவரும் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்தார்கள், பிறகு எடுத்துப் போனார்கள்.

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு முற்பகலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். கொட்டகையில் தறி ஓடாததால் வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு அவன் டாக்டர் அம்மாகிட்டக் கேக்கவே இல்ல" என்றாள். "நான் காப்பி வாங்கப் போனப்புறம்தான் கேட்டிருப்பான். எனக்குத் தெரியும் அவன."

நான் அவள் முன்னால் இருந்த டீ டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

"எல்லாரும் அவன் விதிங்கறாங்க. நான் ஒண்ணும் பண்ணலைங்கறாங்க. நீ படிச்சவ. நீ சொல்லு கண்ணு. அந்த ஊசி நிக்காம இருந்திருந்தா அவன் இருந்திருப்பானா?"

உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆத்தா பேரைச் சொல்லாமல் இருந்தது உன் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம், அதுவும் உண்மைதான். அம்மாவிடம் சொல்லாதே என்பது ஒன்றுதான் அண்ணன் என்னிடம் கேட்டுக்கொண்டது. ஆனால் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ஆளும் தன்னிடம் நல்லபடியாகப் பேசிவிடுவாரோ என்று பயந்த பார்வை அது.

"இருந்திருப்பான்மா" என்றேன்.

அம்மா தலையை ஆட்டினாள். மெல்ல மூச்சை விட்டாள். புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கொஞ்சம் சோறு போடு அம்மணி" என்றாள்.

போட்டேன். தயிர் ஊற்றிப் பிசைந்து, தட்டு காலியாகும் வரைக்கும் உண்டாள்.